‘மெஷ்’ பிணையத்துக்குத் தமிழ்ச் சொல்: ‘கண்ணி’க்கு மாற்றாக ‘அண்டைவழி’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

திறன்மிகு மின்மானிகள் (ஸ்மார்ட் மீட்டர்கள்) பற்றிய கையேட்டின் சொற்பட்டியலில் ‘மெஷ் நெட்வொர்க்’ என்ற இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. இதுவரை கண்ணிப் பிணையம், சல்லடைப் பிணையம், பின்னற்பிணையம், கைமாற்றுப் பிணையம் என்று நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. நான்கையும் ஆராய்ந்த பிறகு ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். அதற்கு முன், இந்தப் பிணையம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் சொல்லைப் பற்றிய நம் கருத்து வேறுபாட்டில் பாதி, பொருளைப் பற்றிய கருத்து வேறுபாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐ ட்ரிபிள் ஈ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் 802.15.4 என்ற கம்பியில்லாத் தொடர்புச் செந்தரம் (ஸ்டாண்டர்ட்) 2003ஆம் ஆண்டில் வெளியானபோது, குறைந்த மின்சாரத்தில், குறைந்த தொலைவில், சிறு செய்திகளை அனுப்பும் கருவிகளே அதன் நோக்கமாக இருந்தன. அதன்படி வானலையில் ஒருமுறை அனுப்பக்கூடிய செய்திக் கட்டின், அதாவது சட்டகத்தின், உச்ச அளவு 127 பைட்டுகள் மட்டுமே. வீட்டு விளக்கு, கதவு உணரி போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் ஊர் முழுதும் பரந்து கிடக்கும் மின்மானிகளை இணையநெறியின் ஆறாம் பதிப்பில் (ஐபிவி6) பேச வைக்க வேண்டுமென்றால், அந்த நெறி குறைந்தது 1280 பைட்டுப் பொதியை (பாக்கெட்) கையாளும்படி கேட்கிறது. ஒவ்வொரு பொதியையும் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, மறுமுனையில் ஒட்ட வைக்க வேண்டியிருந்தது. ஒரு துண்டு தவறினாலும் முழுப் பொதியும் வீண். மின்வாரியங்கள், எரிவாயு, குடிநீர் நிறுவனங்கள் ஆகியவற்றின் தேவைக்கென 2012இல் வந்த 802.15.4ஜி திருத்தம் சட்டகத்தின் உச்ச அளவை 2047 பைட்டுகளாக உயர்த்தியதால், ஒரு பொதி முழுதாகவே ஒரு சட்டகத்துக்குள் அடங்கியது. அலைவரிசையும் பெரும்பாலும் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அமைந்தது: அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ், ஜப்பானில் 920 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. சுவர்களையும் மரங்களையும் கடந்து செல்வதில் இந்த அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைவிட மேலானவை. அதே 2012இல் இந்தத் திருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு, இத்தகைய கருவிகள் ஒத்தியங்கச் சான்றளிக்கும் வை-சன் என்ற நிறுவனக் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது.

அப்படியும் எல்லா மின்மானிகளும் அளவீடுகளைத் திரட்டும் சேகரிப்பு நிலையத்தை நேராக எட்டிவிடுவதில்லை. ஒன்று அடித்தளத்தில் இருக்கும். ஒன்று இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். ஒன்றுக்கும் நிலையத்துக்கும் இடையே அடுக்குமாடி ஒன்று எழும்பியிருக்கும். எனவே அந்த மின்மானி தன் செய்தியைத் தனக்கு எட்டும் தொலைவில் உள்ள மற்றொரு மின்மானியிடம் கொடுக்கிறது. அது இன்னொன்றிடம் கொடுக்கிறது. இடையில் உள்ள ஒன்று பழுதானால் வேறொரு அண்டை மின்மானி அந்த வேலையை ஏற்கிறது. ‘மெஷ்’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘கண்ணி’ என்பதை முன்மொழிந்த பேராசிரியர், அது மீன்வலையோடு நெடுங்காலமாக வழங்கி வரும் சொல் என்று எடுத்துக்காட்டினார். அது உண்மை. ஆனால் வலையில் கண் என்றும் கண்ணி என்றும் சொல்வது நூலுக்கு இடையே உள்ள திறப்பை. மீனவர் ‘சின்னக் கண் வலை’, ‘பெரிய கண் வலை’ என்று பிரிப்பதும் அந்தத் திறப்பின் அளவைக் கொண்டே. நம் பிணையத்தில் திறப்புக்கு எந்த வேலையும் இல்லை. இங்கே முக்கியமானவை முடிச்சுகளும், முடிச்சுக்கு முடிச்சு செல்லும் இழைகளும்தான். வெற்றிடத்தின் பெயரை இழைக்கு வைப்பது போல ஆகிவிடும்.

இதைவிட எனக்குக் கனமாகப் பட்டது யாழ்ப்பாணத்து அன்பர் எழுதிய ஒற்றை வரி. அவர் ஊரில் ‘கண்ணி’ என்றதும் மக்கள் மனத்தில் எழுவது கண்ணிவெடி என்றார். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வன்னி நிலத்தில் வெடி அகற்றும் பணி நடந்துகொண்டிருக்கையில், வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் கருவிக்கு ‘கண்ணிக் கணு’ (கணு என்பது பிணையத்தில் இணைந்த ஒவ்வொரு கருவியும்) என்று பெயர் எழுதி ஒட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. வேட்டையில் வைக்கும் சுருக்குக்கும் அதே பெயர்தான். கலைச்சொல் நிலப்பரப்புக்கு ஏற்ப வேறுபட்டால் பரவாயில்லை என்று சிலர் கருதலாம். அச்சத்தை எழுப்பும் சொல்லை, மாற்று இருக்கும்போது, நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

சல்லடையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. செய்தி சிந்திவிடும் என்ற எண்ணத்தையே அது தருகிறது. மின்கட்டணக் கணக்கைச் சுமந்து செல்லும் பிணையத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

‘பின்னல்’ நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டில் ‘வலைப்பின்னல்’ என்பதே ‘நெட்வொர்க்’ என்ற பொதுப்பொருளில் நாளிதழ்களில் ஊன்றிவிட்டது. எனவே ‘பின்னற்பிணையம்’ என்றால் படிப்பவருக்குப் ‘பிணையம்’ என்பதற்கு மேல் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. மேலும், திருப்பூர்ப் பின்னலாடையில் ஒரு கண் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும் என்பதை அறிந்தவர்களுக்கு, ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும் இந்தப் பிணையம் அதற்கு நேர்மாறானது. ‘கைமாற்று’ என்பதில் வேலையின் இயல்பு சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. செங்கல்லை வரிசையாக நின்று கை மாற்றிக் கொடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆயினும் பேச்சு வழக்கில் கைமாற்று என்றால் வட்டியில்லாத சிறு கடன் என்றே பொருள். மின்கட்டணத்தோடு தொடர்புடைய கையேட்டில் அந்த மயக்கம் ஏற்படவே கூடாது.

என் முன்மொழிவு ‘அண்டைவழிப் பிணையம்’.

இந்தச் சொல்லுக்கான விதை என்னுடையதன்று. எங்கள் தெருவில் மின்மானி மாற்ற வந்த பணியாளரிடம், எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து அலை எட்டுமா என்று கேட்டேன். “நேரா எட்டலைன்னா பக்கத்து வீட்டு மீட்டர் வழியாப் போயிடும்” என்றார். நாம் பல நாள்களாகத் தேடிக்கொண்டிருந்த வரையறை அந்த ஒரு வாக்கியத்தில் முழுதாக இருந்தது. ‘பக்கவழி’ என்றால் குறுக்குப் பாதை என்று பொருள் திரிந்துவிடும் என்பதால் ‘அண்டை’யை எடுத்துக்கொண்டேன். செந்தர ஆவணங்களும் எட்டும் தொலைவில் உள்ள கணுவை அண்டை வீட்டாரைக் குறிக்கும் சொல்லாலேயே குறிக்கின்றன. ஆகவே ‘அண்டைக்கணு’, ‘அண்டைப் பட்டியல்’ ஆகியவை தாமாகவே அமைந்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் ‘ஸ்டார்’, ‘மெஷ்’ இரண்டும் வரைபடத்தைப் பார்த்து இட்ட பெயர்கள். காகிதத்தில் வரைந்தால் ஒன்று விண்மீன் போலவும் மற்றது வலை போலவும் தெரிகிறது என்பதற்கு மேல் அவற்றில் விளக்கம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்திராத ஒருவருக்கு ‘விண்மீன் பிணையம்’ என்ற மொழிபெயர்ப்பு எதைத்தான் உணர்த்தும்? நாம் வடிவத்தை விட்டுவிட்டுச் செய்தி செல்லும் வழியைக் கொண்டு பெயரிட்டால், எல்லாச் செய்தியும் நடுநிலையத்தின் வழியே செல்வது ‘மையவழிப் பிணையம்’ என்றும், அண்டைக் கணுக்களின் வழியே செல்வது ‘அண்டைவழிப் பிணையம்’ என்றும் இரண்டும் ஓர் இணையாக நிற்கும். ஒன்றை அறிந்தவர் மற்றதை ஊகித்துவிடுவார்.

வடிவத்தைக் கொண்டு பெயரிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வை-சன் களப்பிணையத்தில் வழியைத் தீர்மானிப்பது, இணையச் செந்தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2012இல் ஆர்எஃப்சி 6550 என்ற ஆவணமாக வெளியிட்ட ஆர்பிஎல் என்ற வழித்தேர்வு நெறி. இதில் ஒவ்வொரு கணுவும் தன் அண்டைகளுள் ஒன்றைப் பெற்றோராகத் தேர்ந்துகொண்டு, வேரை, அதாவது சேகரிப்பு நிலையத்தை, நோக்கிச் செய்தியை அனுப்புகிறது. வேரிலிருந்து தான் இருக்கும் நிலையைக் குறிக்கும் படியெண்ணை வைத்துச் சுழலில் சிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதாவது ஒரு நேரத்தில் செய்தி உண்மையாகச் செல்லும் பாதைகளை வரைந்தால் வலை கிடைக்காது. கிளைவிட்ட மரம் ஒன்றை ஒத்த படமே கிடைக்கும். வலை போல இருப்பது, கணுக்களுக்கு இடையே அமையக்கூடிய இணைப்புகளின் தொகுதி. ‘கண்ணி’, ‘பின்னல்’ என்ற சொற்களைக் கொண்டு இந்த நெறியைத் தமிழில் விளக்க முற்பட்டபோது, ‘வலை எப்படி மரமானது’ என்று பாதிப் பக்கம் செலவிட வேண்டியிருந்தது. ‘அண்டைவழி’ என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சிக்கலே எழவில்லை. மரமானாலும் வலையானாலும் செய்தி அண்டையின் வழியாகத்தான் போகிறது.

செந்தரம் எதற்காக வேண்டும் என்பதையும் இந்தச் சொல் சொல்லிவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. மையவழியில் என் மின்மானியும் நிலையமும் ஒத்துப்போனால் போதும். அண்டைவழியிலோ, வேறொரு நிறுவனம் செய்து, வேறோர் ஆண்டில் பொருத்தப்பட்ட பக்கத்து வீட்டு மின்மானியோடு என் மின்மானி பேசியாக வேண்டும். அமெரிக்கா 2007ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தில், மின் கட்டமைப்புக் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்தியங்குவதற்கான செந்தரங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பைத் தன் தேசியச் செந்தர, தொழில்நுட்ப நிறுவனத்திடம் ஒப்படைத்ததன் தேவை இங்கேதான் விளங்குகிறது. இந்தியாவில் 2021இல் ஒப்புதல் பெற்ற மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி முன்கட்டண மின்மானிகளை இலக்காகக் கொண்டது. அவற்றுள் பல கைபேசிக் கோபுரங்கள் வழியாகவும் மற்றவை ஒன்றின் வழி ஒன்றாகவும் செய்தி அனுப்பும். ஆகவே இந்த இரு முறைகளையும் வேறுபடுத்தும் எளிய தமிழ்ச் சொற்கள் பணியாளருக்கும் நுகர்வோருக்கும் உண்மையாகவே தேவைப்படுகின்றன.

தொடர்புடைய இரண்டு சொற்களையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். பிறர் செய்தியை வாங்கி மேலே அனுப்பும் கணுவுக்கு ‘அஞ்சற்கணு’ என்பதை ஆதரிக்கிறேன். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்ற நிலையங்கள் வாங்கி ஒலிபரப்புவதை வானொலியில் ‘அஞ்சல் செய்கின்றன’ என்று கேட்டே நாம் வளர்ந்தோம். இலங்கையில் கோலைக் கைக்குக் கை கொடுத்து ஓடும் ஓட்டம் இன்றும் அஞ்சலோட்டம்தான். தபாலோடு குழம்பும் என்ற அச்சம் பிணையம் முழுமைக்கும் அந்தப் பெயரை வைத்தால் நியாயமானது. தனிக் கணுவுக்கு வைத்தால் அவ்வளவாக இல்லை.

மற்றொன்று ‘ஹாப்’. முந்தைய பட்டியலில் இதற்குத் ‘தாவல்’ என்று இருக்கிறது. ஆனால் வை-சன் ஆவணத்தின் ஒரே பக்கத்தில் இந்த ஆங்கிலச் சொல் இரு பொருளில் வருகிறது: செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செல்வது ஒன்று, இடையூற்றைத் தவிர்க்க அனுப்பும் கருவி அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இடம் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்; தமிழில் அந்தக் குறையைச் சுமக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அலைவரிசைக்குத் ‘தாவல்’ இருக்கட்டும்; கணுவிலிருந்து கணுவுக்குச் செல்வதற்குத் ‘தத்தல்’ என்று வைக்கலாம். ‘மூன்று தத்தலில் நிலையத்தை எட்டியது’ என்பது இயல்பாகவே ஒலிக்கிறது.

என் முன்மொழிவின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கம்பிவழிப் பிணையங்களில் ஒவ்வொரு கணுவும் மற்ற எல்லாக் கணுக்களோடும் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும் அமைப்பையும் ஆங்கிலத்தில் ‘முழு மெஷ்’ என்கிறார்கள். அங்கே எவரும் எவர் வழியாகவும் போக வேண்டியதில்லை என்பதால் ‘அண்டைவழி’ அதற்குப் பொருந்தாது. அந்த ஒன்றுக்கு மட்டும் ‘முழுப்பின்னல்’ என்று தனிச்சொல் வைப்பதே நேர்மையானது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்ற கணக்கு இங்கே உடைகிறது. இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பதால் அது உடையத்தான் வேண்டும்.

பணியாளர் கையேட்டின் ஒரு பத்தியில் இந்தச் சொற்களை வைத்துப் பார்த்தேன்: “புதிய மின்மானியைப் பொருத்தியபின், அதன் அண்டைப் பட்டியலில் குறைந்தது இரண்டு கணுக்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் தெரிகிறது என்றால், அது பழுதாகும் நாளில் இந்த வீடு பிணையத்திலிருந்து அறுந்துவிடும். அருகில் அஞ்சற்கணு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தப் பரிந்துரையுங்கள்.” விளக்கக் குறிப்பு எதுவுமின்றியே இது புரிகிறது என்று நினைக்கிறேன்.

தீராமல் நிற்பது ஒன்றுதான். இலங்கையில் அண்டை வீட்டாரை ‘அயலவர்’ என்றே இயல்பாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டிலோ ‘அயல்’ என்றால் வெளியூர், வெளிநாடு என்ற பொருளே முன்னுக்கு வருகிறது. ‘அண்டை’ யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் தடையின்றிப் புரியுமா, அல்லது ‘அயல்வழி’ என்பதையும் இணைச்சொல்லாகப் பட்டியலில் ஏற்ற வேண்டுமா என்பதை அங்குள்ள அன்பர்கள் எழுதினால், அதன்படி இந்த இடத்தை நிரப்பிவிடலாம்.

அன்புடன்.