மீன்தொட்டித் தண்ணீர் மேலே பால் ஏடு மாதிரி படலம், கப்பி மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது

பாதிரிப்புலியூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். ஹாலில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி. மகள் பிறந்தநாளுக்கு வாங்கியது, நாலு மாதம் ஆகிறது. எட்டு கப்பி, இரண்டு கருப்பு மோலி, ஒரு கௌராமி. உள்ளே கண்ணாடியில் ஒட்டி வைக்கிற சின்ன ஃபில்டர். கொஞ்சம் செடி இருக்கிறது. வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

பத்து நாளாகத் தண்ணீர் மேலே ஒரு படலம். காய்ச்சிய பால் ஆறினால் ஏடு படியுமே, அப்படி, ஆனால் அதைவிட மெல்லிசு. ட்யூப் லைட் போட்டால் நீலமும் ஊதாவுமாக மினுங்குகிறது. காலையில் பார்த்தால் கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நேற்று ஒன்று செத்துவிட்டது. மகள் ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

வாங்கின கடையில் கேட்டேன். ஒரு நீல மருந்தைக் கொடுத்து பத்துச் சொட்டு விடச் சொன்னார்கள். தண்ணீர்தான் நீலமானது. பாதித் தண்ணீரை மாற்றியும் பார்த்தேன், மூன்றாம் நாளே படலம் திரும்ப வந்துவிட்டது. இருக்கிற மீன்களையாவது காப்பாற்ற வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை கப்பி:
உடனடியாகச் செய்யக்கூடியது: ஃபில்டரை நிறுத்திவிட்டு, பூவாசனை எதுவும் இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் மேல் விரித்தாற்போலப் போடுங்கள். ஐந்து எண்ணிவிட்டு ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் ஏடு பேப்பரோடு வந்துவிடும். நாலைந்து தாள் ஆகும். புதுச்சேரியில் எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்கிறோம். முடிந்ததும் ஃபில்டரைப் போட மறக்காதீர்கள்.

கெடிலக்கரை:
அக்கா, முதலில் அந்த மருந்தை நிறுத்திவிடுங்கள். இது நோய் இல்லை, மருந்தில் போகாது. மஞ்சக்குப்பத்தில் பதினெட்டு வருஷமாக மீன் வளர்க்கிறேன், இந்த ஏட்டோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

தீவனத்தில் இருக்கிற கொழுப்பு, மீன் கழிவு, அழுகின இலை, இவற்றிலிருந்து வருகிற எண்ணெயும் புரதமும் தண்ணீர் அசையாமல் நின்றால் மேலே வந்து தங்கும். அதைத் தின்ன பாக்டீரியா கூடும். அதெல்லாம் சேர்ந்ததுதான் ஏடு. ஏட்டில் விஷம் கிடையாது. ஆனால் தொட்டிக்குக் காற்று இறங்குவது மேல்பரப்பு வழியாக. அங்கே ஏடு படிந்தால் மூடி போட்ட மாதிரி. அதிலும் இது வெயில் காலம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், 30 டிகிரியில் 7.5 தான். ராத்திரியில் வெளிச்சம் இல்லாததால் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் கப்பி மேலே வருவது அதனால்தான். கௌராமி தெம்பாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அது வெளிக்காற்றை நேராக வாயால் எடுக்கிற மீன்.

லாஸ்பேட்டை நண்பர் சொன்னது சரி, ஆனால் பேப்பர் இன்றைக்கு எடுக்கும், நாளைக்குத் திரும்ப வரும். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற வாய், தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? தீவனம் போடுகிற கையில் எண்ணெய் உண்டா? அப்புறம், ஒரு பென்சில் முனையால் ஏட்டைக் கிழித்துப் பாருங்கள். கிழித்த இடம் திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாக நின்றால், போர் தண்ணீரில் இருக்கிற இரும்பாக இருக்கலாம். பக்கெட் அடியில் செம்மண் நிறத்தில் கறை பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதிரிப்புலியூர்க்காரி:
தம்பி, பார்த்தேன். பென்சிலால் கிழித்த கோடு இரண்டு நொடியில் மூடிக்கொண்டது. பக்கெட்டில் கறை இல்லை.

ஃபில்டர் வாய் நாலு விரல் கீழே இருக்கிறது. போன மாதம் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது தண்ணீர் வற்றிவிடக் கூடாதே என்று விளிம்பு வரை ஊற்றிவிட்டுப் போனேன். பிறகும் அந்த அளவிலேயே வைத்திருக்கிறேன். அதற்கு முன்பெல்லாம் சலசலவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றதும் நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

எண்ணெய் என்று நீங்கள் கேட்டதும் திக்கென்றது. தினமும் காலையில் மகளுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவேன். அவள் ஜடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போய், அதே கையால் தீவனத்தை நசுக்கித் தூவுவாள்.

கெடிலக்கரை:
பிடித்துவிட்டீர்கள் அக்கா. ஃபில்டரை மேலே ஏற்றி ஒட்டுங்கள். வாய் தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், மேல்பரப்பு முழுக்க நெளிய வேண்டும். மூலையில் ஒரு இடம் மட்டும் அசையாமல் நின்றாலும் ஏடு அங்கே போய் ஒதுங்கும், அந்தப் பக்கம் வாயைத் திருப்பிவிடுங்கள். தண்ணீரை விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே வையுங்கள்.

மிச்ச ஏட்டை டம்ளரால் எடுக்கலாம். டம்ளரை நிமிர்த்திப் பிடித்து, அதன் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே போகிற மாதிரி மெல்ல அழுத்துங்கள். ஏடு தானாக இழுபட்டு டம்ளருக்குள் விழும். பார்க்கவே நன்றாக இருக்கும், மகளைச் செய்யச் சொல்லுங்கள், சோப்பு இல்லாமல் கை கழுவின பிறகு. அதோடு வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும், பாதி வேண்டாம். தீவனம் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போடுங்கள். மோலி ஏட்டைக் கொறிக்கும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு அரை அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

பாதிரிப்புலியூர்க்காரி:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். சலசல சத்தம் திரும்ப வந்துவிட்டது. பின்பக்க மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஏடு இருந்தது, ஃபில்டரைத் திருப்பினதும் அதுவும் கலைந்துவிட்டது. இன்று காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தேன், ஏழு கப்பியும் செடிக்கு நடுவில் கீழே சுற்றிக்கொண்டிருந்தன. தீவன டப்பாவில் ஐஸ்கிரீம் மரக்கரண்டி ஒன்றை மகளே போட்டு வைத்திருக்கிறாள். பின்னல் போடுவதற்கு முன்னாலேயே தீவனம் போட்டுவிடுகிறாள். தம்பிக்கும் லாஸ்பேட்டை நண்பருக்கும் அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.