அலைகள் பாடத்தை வீடியோவில் தொடங்கலாமா?

நெய்தல்:
பதினொன்றாம் வகுப்பில் அலைகள் பாடத்தை இனி வீடியோவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கயிற்றின் முனையை ஒருமுறை உதறும்போது அதில் ஓடும் ஒற்றை அலையான துடிப்பு வெறுங்கண்ணுக்கு அகப்படுவதில்லை. மீட்டருக்கு 100 கிராம் நிறையுள்ள கயிற்றை 10 நியூட்டன் இழுவிசையில் பிடித்தால் துடிப்பு நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. மூன்று மீட்டரைக் கடக்க அதற்கு 0.3 நொடி போதும். பின்வரிசை மாணவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடும் அந்த நிகழ்வு, நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் கைபேசியில் 72 படங்களாக விரிகிறது. ஒவ்வொரு படத்திலும் முகடு எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

கரும்பலகை:
நெய்தல் அவர்களே, இதை நான் ஏற்கவில்லை. கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்து உதறியவருக்கு, எதிர்முனையில் பட்டுத் திரும்பும் துடிப்பு உள்ளங்கையில் இழுக்கும் அந்தச் சிறு வெட்டு தெரியும். திரையில் அது வராது. மேலும், கேமரா எப்போதும் உண்மையைக் காட்டுவதில்லை. பெரும்பாலான கைபேசிகளின் உணரி, படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிசை வரிசையாகப் பதிவதால், நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும் கிட்டார் நாண் நெளிநெளியான அலைபோலத் தெரிகிறது. அந்த வடிவம் நாணில் இல்லவே இல்லை. அதைப் பார்த்த மாணவர் ஒருவர் ‘நாணில் இத்தனை முகடுகளா?’ என்று என்னிடம் கேட்டார். அந்தப் படத்தை அவர் மனத்திலிருந்து அகற்ற ஒரு முழு வகுப்பு தேவைப்பட்டது.

சிற்றலை:
வீடியோவா கயிறா என்பதைவிட, மாணவர் பார்ப்பதற்கு முன் என்ன செய்கிறார் என்பதே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பறைச் சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள் அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. பார்க்கும் முன் விடையைக் கணித்துச் சொன்னவர்களின் புரிதல்தான் தெளிவாக மேம்பட்டது. அலைகளில் இதற்குப் பொருத்தமான கேள்வி ஒன்று உண்டு: கையை இன்னும் வேகமாக உதறினால் துடிப்பு விரைவாகப் போய்ச் சேருமா? வகுப்பில் பெரும்பாலோர் ‘ஆம்’ என்றே சொல்வார்கள். மெல்ல உதறியது, விரைந்து உதறியது என இரண்டு பதிவுகளை அருகருகே ஓட விட்டு, பாதியில் நிறுத்தி, விடையைக் குறிப்பேட்டில் எழுத வைத்த பிறகே மீதியைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எதிர்முனையைத் தொடும்போது, வேகத்தை முடிவுசெய்வது இழுவிசையும் கயிற்றின் நீள்நிறை அடர்த்தியும்தான் (ஒரு மீட்டர் கயிற்றின் நிறை), கை அல்ல என்பதை நாம் சொல்லவே வேண்டியதில்லை.

நெய்தல்:
பாதியில் நிறுத்துவதை ஏற்கிறேன். ஆனால் கரும்பலகை ஐயா சொல்லும் வழியில் கயிறு பிடிப்பவர்கள் இருவர், பார்ப்பவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜான் ஷைவ், நடுக்கம்பியில் வரிசையாகப் பொருத்திய குறுக்குத் தண்டுகளால் அலையை மிக மெதுவாக ஓடச் செய்யும் கருவி ஒன்றை உருவாக்கி, 1959இல் அதைப் படமாகவும் எடுத்துக் காட்டினார். எந்தப் பள்ளியில் அந்தக் கருவி இருக்கிறது? படம்தானே நமக்குக் கிடைக்கிறது?

கரும்பலகை:
இழுத்துக் கட்டிய செல்லோடேப்பில் ஐஸ் குச்சிகளைச் சம இடைவெளியில் ஒட்டினால் அந்தக் கருவி ஒரு மாலையில் தயாராகிவிடும். குழுவுக்கு ஒன்றாகப் பத்துக் கருவிகள் செய்யலாம். ஒரு முனையைத் தட்டினால் திருகல் குச்சி குச்சியாகக் கடந்து போவதை எல்லோரும் பார்ப்பார்கள். நான் அஞ்சுவது காட்சியின் கவர்ச்சியை. அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம் 1940 நவம்பர் 7 அன்று முறுக்கித் துடித்து விழும் படத்தை எத்தனையோ வகுப்புகளில் ஒத்ததிர்வுக்கு (ஒரு பொருளை அதன் இயல்பான தாளத்திலேயே தள்ளும்போது அதிர்வு பெருகுவதற்கு) எடுத்துக்காட்டாகப் போடுகிறோம். அது விழுந்தது காற்று குறிப்பிட்ட தாளத்தில் தள்ளியதால் அல்ல. பாலத்தின் முறுக்கமே சீராக வீசிய காற்றிலிருந்து ஆற்றலை இழுத்து மேலும் மேலும் பெருகியது. ஆய்வாளர்கள் பில்லாவும் ஸ்கேன்லனும் இதை 1991இலேயே விளக்கி எழுதியும், படம் அவ்வளவு வலிமையாக இருப்பதால் தவறான விளக்கமே நின்றுவிட்டது.

சிற்றலை:
அப்படியானால் வகுப்பு தன் கயிற்றைத் தானே படம் எடுக்கட்டும். கயிற்றின் நடுவில் ஒரு சிவப்பு ரிப்பனை முடிந்துவிட்டு, 72 படங்களிலும் அது இருக்கும் இடத்தை வரைபடத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். முகடு மூன்று மீட்டர் நகர்ந்திருக்கும்; ரிப்பனோ மேலே ஏறி, இறங்கி, தொடங்கிய இடத்திலேயே நிற்கும். சைன் வளைவை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தும் அசைபடங்கள் மறைத்துவிடுவது இதைத்தான்.

கரும்பலகை:
ரிப்பனை ஏற்கிறேன், மாணவரே அதை முடிந்து, மாணவரே படம் எடுப்பதாக இருந்தால். ஆனால் முதல் வகுப்பில் கைபேசி மேசைக்குள்ளேயே இருக்கட்டும். ஐம்பது பேரும் முறை வைத்து ஒரு தடவையாவது கயிற்றை உதறிய பிறகு அதை வெளியே எடுக்கலாம்.

நெய்தல்:
அதற்கு இரண்டு பாடவேளை ஆகும், ஐயா. என்னிடம் இருப்பது ஒன்று. நான் ரிப்பன் பதிவிலிருந்தே தொடங்குகிறேன். கயிற்றை மேசைமேல் வைத்திருப்பேன்.