ராண்டின் பொன்னும் லண்டனின் கணக்கும்: தென்னாப்பிரிக்காவை வார்த்தது எது?

அறந்தாங்கியான்:
தென்னாப்பிரிக்கா எப்படி ஒரு நாடானது என்று கேட்டால், 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் 1910இல் கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஆகிய நான்கு காலனிகள் ஒன்றாயின என்று பாடநூல்கள் விடை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பத்திரத்தின் நகலை மட்டும் காட்டி, நிலம் கைமாறிய கதையை மறைப்பதற்கு ஒப்பானது இது. என் கட்சியை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வைரமும் பொன்னும் கிடைத்திராவிட்டால் அந்த நான்கு காலனிகளும் ஒன்றாகியிருக்கா. ஒன்றாக்க வேண்டும் என்று லண்டனில் எவரும் மெனக்கெட்டிருக்கவும் மாட்டார்கள்.

1852இலும் 1854இலும் டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு ஆகிய போயர் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) குடியரசுகளின் தன்னுரிமையைப் பிரிட்டனே ஒப்பந்தம் எழுதி ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுப் புல்வெளியை ஆள்வதால் செலவுதான் மிஞ்சும் என்பது அன்றைய கணக்கு. 1867இல் ஹோப்டவுன் அருகே முதல் வைரம் கிடைத்தது; 1871இல் பிற்காலத்தில் கிம்பர்லி என்று பெயர் பெற்ற இடத்தில் வைரம் பொதிந்த பாறைக் குழாயே திறந்தது. உடனே கணக்கு மாறிற்று. அந்த நிலத்தைச் சுதந்திர நாடும் டிரான்ஸ்வாலும் கிரிக்குவா இனத் தலைவர் வாட்டர்போயரும் உரிமை கொண்டாடினர். நேட்டாலின் துணை ஆளுநர் கீட் நடுவராக அமர்ந்து, பிரிட்டிஷ் பாதுகாப்பைக் கோரியிருந்த வாட்டர்போயருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் பிரிட்டன் அந்த நிலத்தை இணைத்துக்கொண்டது. பின்னர் 1876இல் சுதந்திர நாட்டுக்கு 90,000 பவுன் இழப்பீடாகக் கொடுத்ததை, குற்றம் செய்தவன் கட்டிய அபராதமாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. 1886இல் டிரான்ஸ்வாலின் விட்வாட்டர்ஸ்ராண்டில் (சுருக்கமாக ராண்ட்) பொன் வெளிப்பட்டது. 1898இல் உலகப் பொன் உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் டிரான்ஸ்வாலிலிருந்து வந்தது. 1899இல் பிரிட்டனுக்கும் போயர் குடியரசுகளுக்கும் போர் மூண்டது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கலங்கரை:
ஐயா, ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவை எல்லாம் ஒன்றால் ஒன்று நிகழ்ந்தவை ஆகிவிடா. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வரலாற்றுக்குள் கொண்டுவர வேண்டாம்.

1806இல் பிரிட்டன் கேப்பை இரண்டாம் முறையாகக் கைப்பற்றியது இந்தியாவுக்கான கடல்வழியைப் பிரான்சிடமிருந்து காப்பதற்காக. 1843இல் நேட்டாலை எடுத்துக்கொண்டது போயர்கள் கடற்கரையைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. அங்கே அன்று வைரமும் இல்லை, பொன்னும் இல்லை. டிரான்ஸ்வாலை முதன்முறை இணைத்தது 1877இல், அதாவது ராண்டின் பொன்னுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. 1884இல் ஜெர்மனி தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியா) கொடி நாட்டியதும், அடுத்த ஆண்டே பிரிட்டன் பெச்சுவானாலாந்தை (இன்றைய போட்ஸ்வானா) தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. அந்த வறண்ட நிலத்தின் மதிப்பு அது கிடந்த இடத்தில்தான் இருந்தது: ஜெர்மானியரும் டிரான்ஸ்வாலும் கைகோத்துவிடாமல் நடுவில் ஓர் ஆப்பு அடிக்கப்பட்டது.

மேலும், சுரங்க முதலாளிகள் அனைவரும் ஒரே அணியாக நின்றார்கள் என்பதும் உண்மையன்று. 1895 டிசம்பர் இறுதியில் ஜேம்சன் டிரான்ஸ்வால்மீது படையெடுத்தபோது அதன் பின்னணியில் சுரங்க முதலாளிகளான சிசில் ரோட்ஸும் ஆல்ஃபிரட் பைட்டும் இருந்தனர், ஆனால் ஜே. பி. ராபின்சன் போன்ற பெருமுதலாளிகள் ஒதுங்கியே நின்றனர். டிரான்ஸ்வாலின் தலைநகர் பிரிட்டோரியாவில் எவர் ஆண்டாலும் பொன் லண்டன் சந்தைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதற்காகக் கிட்டத்தட்ட நான்கரை இலட்சம் படைவீரர்களைக் களமிறக்கும் போர் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவுக்கான பிரிட்டிஷ் உயர் ஆணையர் மில்னரும் காலனி அமைச்சர் சேம்பர்லினும் அஞ்சியது வேறொன்றுக்கு. போர்த்துகீசியரின் மொசாம்பிக்கிலிருந்த டெலகோவா வளைகுடாவுக்குத் தனி ரயில் பாதை பெற்றுவிட்ட ஒரு செல்வக் குடியரசு, நாளடைவில் கேப்பையும் நேட்டாலையும் தன் பக்கம் இழுத்து, பிரிட்டிஷ் கொடிக்கு வெளியே ஒரு தென்னாப்பிரிக்காவை அமைத்துவிடும் என்பதே அவர்களுடைய அச்சம்.

அறந்தாங்கியான்:
“செல்வக் குடியரசு” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? 1877இல் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திணறிய நாடு, இருபது ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்து மவுசர் துப்பாக்கிகளையும் பிரான்சிலிருந்து நெடும்பீரங்கிகளையும் வாங்கியதென்றால், அதற்குப் பணம் தந்தது சுரங்க வரி. நீங்கள் சொல்லும் அச்சத்துக்கே வேர் அந்தப் பொன்தான். முதலாளிகள் பிளவுபட்டிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெடிமருந்து விற்பனையைத் தனியுரிமையாக ஒருவருக்குக் கொடுத்து விலையை ஏற்றிய டிரான்ஸ்வால் அதிபர் குரூகரின் அரசை அவர்களில் பெரும்பாலோர் வெறுத்தார்கள் என்பதிலும் ஐயமில்லை.

ஜெர்மானியப் போட்டியைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். ஜேம்சன் பிடிபட்ட மறுநாள், 1896 ஜனவரி 3 அன்று, ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் குரூகருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார், உண்மைதான். ஆனால் 1898 ஆகஸ்டில், போர்த்துகீசியக் காலனிகளை என்றாவது பங்கிட நேர்ந்தால் எப்படிப் பங்கிடுவது என்று பிரிட்டனோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஜெர்மனி, டிரான்ஸ்வாலைக் கைகழுவிவிட்டது. 1900இல் ஐரோப்பாவுக்கு ஓடிய குரூகரை அதே வில்லியம் சந்திக்கவும் மறுத்தார். போட்டி ஓய்ந்த பிறகல்லவா போர் வந்தது?

கலங்கரை:
போட்டியாளன் விலகிக்கொண்டதால்தான் 1899இல் துணிந்து அடிக்க முடிந்தது. உங்கள் கேள்வியிலேயே என் விடை இருக்கிறது.

கருங்குயில்:
இருவருடைய பதிவுகளையும் படித்தேன். இத்தனை ஆண்டுகள், இத்தனை பெயர்கள். ஆனால் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. போருக்குக் காரணம் எது என்பது ஒரு கேள்வி. நாடு எந்த வடிவத்தில் அமைந்தது என்பது வேறு கேள்வி. இந்த விவாதத் திரியின் தலைப்பு இரண்டாவதைக் கேட்கிறது.

ராண்டின் தாதுவைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிற இடங்களைப் போல ஆற்று மணலை அரித்துப் பொடியையும் கட்டியையும் பொறுக்குகிற பொன்வயல் அன்று அது. கடும்பாறைக்குள் மிக நுண்ணிய துகள்களாகப் பரவி, நிலத்துக்குள் சரிந்து ஆழமாக இறங்கும் படுகை அது. டன் கணக்கில் பாறையை உடைத்து மேலே கொண்டுவந்து, பொடியாக்கி, சயனைடில் கரைத்தால் சில கிராம் பொன் மிஞ்சும். எனவே முதலீடு மிகப் பெரியது. ஆனால் பொன்னின் விலையோ பொன் நாணய முறையால் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 85 ஷில்லிங் என்று கட்டப்பட்டிருந்தது. வைரத்தைப் போல விற்பனையைச் சுருக்கி விலையை ஏற்ற வழியில்லை. இயந்திரத்தின் விலையையும் குறைக்க முடியாது. இங்கிலாந்திலிருந்து வந்த கைதேர்ந்த வெள்ளைத் தொழிலாளிக்குச் சங்கமும் இருந்தது, ஓட்டும் வரவிருந்தது. குறைக்க முடிந்த ஒரே செலவு கருப்பினத் தொழிலாளியின் கூலி. 1911க்கும் 1969க்கும் இடையே, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில், அவர்களுடைய உண்மை ஊதியம் உயரவே இல்லை என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

கலங்கரை:
தோழர், உங்கள் கணக்கு அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதில் ஐயம் எழுகிறது. ஆஸ்திரேலியாவிலும் 1851 முதல் பொன் வெட்டினார்கள். அங்கே காம்பவுண்டுகளும் (தொழிலாளரை அடைத்துவைக்கும் வளாகங்கள்) பாஸ் சட்டமும் (அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடக் கூடாது என்ற சட்டம்) தோன்றவில்லை. கனிமமே ஒரு நாட்டின் வடிவத்தைத் தீர்மானிக்குமானால் இரண்டும் ஒன்றுபோல் அமைந்திருக்க வேண்டுமல்லவா? கேப்பில் கோய்கோய் பழங்குடி மக்கள் பாஸ் இல்லாமல் நடமாடக் கூடாது என்று 1809இலேயே ஆணையிட்டிருந்தார்கள். நேட்டாலில் குடிசை வரி 1849இலேயே வந்துவிட்டது. சுரங்கம் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை.

கருங்குயில்:
கண்டுபிடித்தது என்று நான் எழுதவில்லை. பண்ணையாரின் கையில் சவுக்காக இருந்ததைச் சுரங்கம் அலுவலக நடைமுறையாக மாற்றியது. ஆஸ்திரேலியாவின் பொன்வயல்களில் தனியாள் ஒருவன் சல்லடையோடு இறங்கிப் பிழைக்க முடிந்தது. அங்கே பழங்குடி மக்களை நிலத்தைவிட்டு விரட்டினார்கள், உழைக்கக் கட்டிப்போடவில்லை. ராண்டில் பல்லாயிரவர் உழைப்பும் தேவைப்பட்டது. அண்மையில்தான் தோற்கடிக்கப்பட்டு, வரி கட்டப் பணம் தேட வேண்டியிருந்த மக்களும் சுற்றிலும் இருந்தார்கள். 1879இல் சூலு அரசு உடைக்கப்பட்டது. 1894இல் கேப்பின் பிரதமராக இருந்த ரோட்ஸ், கிளென் கிரே சட்டத்தால், வெளியே வேலைக்குப் போகாத ஆண்கள்மீது தனி வரியே விதித்தார். கிம்பர்லியின் வைரச் சுரங்கங்களில் 1880களின் நடுவிலேயே, ஒப்பந்தக் காலம் முடியும்வரை தொழிலாளி வெளியேற முடியாத அடைப்புக் காம்பவுண்டுகள் வந்துவிட்டன.

நீங்கள் இருவரும் பகைவர்களாகக் காட்டும் குரூகரும் மில்னரும் எங்கே ஒத்துப்போனார்கள் என்று பாருங்கள். சுரங்க முதலாளிகள் சங்கம் கேட்ட பாஸ் சட்டத்தை 1895–96இல் இயற்றிக் கொடுத்தது குரூகரின் சட்டமன்றம். அதைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்பது முதலாளிகளின் குறை. போருக்குப் பின் அக்குறையைப் போக்கியது மில்னரின் நிர்வாகம். 1901இல், போர் ஓயுமுன்பே, மொசாம்பிக்கிலிருந்து ஆள் பிடிப்பதற்காகப் போர்த்துகீசியரோடு அவர் உடன்பாடு செய்துகொண்டார். அதுவும் போதாதபோது 1904 முதல் 60,000க்கும் மேற்பட்ட சீனர்களைக் கப்பலேற்றினார்கள். போரில் பிரிட்டிஷ் தடுப்பு முகாம்களில் ஏறத்தாழ 28,000 போயர் மக்கள் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். கருப்பின மக்களுக்கென்று இருந்த முகாம்களில் இறந்தவர்களை ஒழுங்காக எண்ணக்கூட இல்லை. பிறகு 1902 மே 31 அன்று கையொப்பமான வெரீனிகிங் உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, தன்னாட்சி வழங்கப்படும்வரை கருப்பினத்தவருக்கு ஓட்டுரிமை அளிப்பது பற்றி முடிவெடுப்பதில்லை என்றது. தன்னாட்சி வழங்கப்படுவது வெள்ளையருக்கு. அதற்குப் பின் முடிவெடுப்பவர்களும் அவர்களே.

அறந்தாங்கியான்:
எட்டாம் பிரிவை நான் தொடாமல் விட்டது தவறுதான். நம்மவர்கள் பட்டதையும் இதோடு சேர்க்க வேண்டும். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டத்துக்காகப் போனவர்கள். ஆனால் அவர்களுக்குப் பின் போனவர்களில் பலர் நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலில் இந்தியர் படும் இழிவையும் போருக்கான நியாயங்களில் ஒன்றாகப் பிரிட்டிஷ் அமைச்சர்கள் 1899இல் மேடையேறிச் சொன்னார்கள். போரில் வென்றபின் அதே டிரான்ஸ்வாலில் 1906இல் இந்தியர்களிடம் கைரேகை கேட்டது பிரிட்டிஷ் நிர்வாகம். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913இல் நடந்த வேலைநிறுத்தம் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில்தான் பற்றிக்கொண்டது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரியில் தில்லையாடி வள்ளியம்மை இறந்தார். வரி அதே ஆண்டில் நீங்கியது.

கலங்கரை:
உழைப்பு முறையைப் பற்றிக் கருங்குயில் சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் அந்த எட்டாம் பிரிவு ஏன் எழுதப்பட்டது? கூலியைக் குறைக்க மட்டுமா? போயர்களைத் தோற்கடித்ததோடு நில்லாமல், அடுத்து வரவிருந்த ஐரோப்பியப் போரில் அவர்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளப் பேரரசு விரும்பியது. ஐந்தே ஆண்டுகளில், 1907இல், டிரான்ஸ்வாலின் ஆட்சி முன்னாள் போயர் தளபதி லூயி போத்தாவின் கைக்கே வந்துவிட்டது. கருப்பின மக்களின் உரிமையைக் காக்கக் கோரி 1909இல் லண்டனுக்குச் சென்ற தூதுக்குழு வெறுங்கையோடு திரும்பியது. பேரரசு செய்த முதலீடு வீண்போகவில்லை: 1914இல் போர் வெடித்ததும் ஜெர்மானியத் தென்மேற்கு ஆப்பிரிக்காமீது படை நடத்தி, 1915 ஜூலையில் அதைச் சரணடைய வைத்தவர் அதே போத்தா. இதில் பொன் எங்கே வருகிறது?

கருங்குயில்:
பொன் வரவில்லை, வைரம் வருகிறது. நீங்கள் சொல்லும் அந்த ஜெர்மானியக் காலனியில், லூடெரிட்ஸ் அருகே, 1908இல் ரயில் தண்டவாளத்தை மூடிய மணலை அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லேவாலா என்ற கருப்பினத் தொழிலாளி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவர் முன்பு கிம்பர்லியில் வேலை பார்த்தவர். ஆகவே பார்த்தவுடன் வைரம் என்று தெரிந்துகொண்டு, மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் கொடுத்தார். ஸ்டௌக் கோடீசுவரரானார், ஜெர்மன் அரசு அந்தக் கரையோரத்தைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்து வேலியிட்டது, போத்தாவின் படையெடுப்புக்குப் பின், 1920இல் அந்த வயல்கள் ஜோகன்னஸ்பர்க்கின் ஓப்பன்ஹைமர் குழுமத்தின் கைக்கு மாறின. லேவாலாவுக்கு எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.