தெல்மா ரிட்டரை அறிமுகப்படுத்த எந்தப் படம் போடலாம்?

முறிகண்டி:
கிளிநொச்சியில வாசிகசாலைத் திரையிடலுக்கு இந்த மாதம் துணைப்பாத்திர நடிகை ஒராளை எடுக்கிறம். தெல்மா ரிட்டர் எண்டு முடிவு. பிறகு கதைக்கிறதோட சேர்த்து மண்டபம் 2 மணித்தியாலம்தான். ‘ஆல் அபௌட் ஈவ்’ சரிவருமா? 6 தரம் ஒஸ்கார் பரிந்துரை வந்தும் ஒருக்காலும் கிடைக்காதது ஏன்?

கனகராயன்:
அது வேண்டாம். 138 நிமிடம், படத்துக்கே நேரம் காணாது. கதையில ஈவ் எண்ட பெட்டையில முதல் சந்தேகப்படுற ஆள் ரிட்டர் நடிச்ச பேர்டிதான், ஆனா விருந்துக் காட்சியோட ஆளைக் காணேலாது. சனத்துக்குப் பெட்டி டேவிஸ்தான் மனசில நிப்பா.

சாமுவேல் ஃபுல்லரின்ர ‘பிக்கப் ஒன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953) போடுங்கோ, 80 நிமிடம். மோ எண்ட கிழவி கழுத்துப்பட்டி விப்பா, பொலிசுக்குத் துப்பும் விப்பா. காசு சேர்க்கிறது அநாதைப் பிணமாய்ப் போகாமல் தனக்கெண்டு ஒரு புதைகுழி வாங்க. வன்னியில இதுக்கு விளக்கவுரை தேவைப்படாது. அவவின்ர கடைசி அறைக் காட்சியைக் கவனிக்கச் சொல்லுங்கோ. கொலைகாரன் முன்னால நிக்கிறான், அவ கெஞ்சேல்லை, களைச்சுப்போன குரலில கதைச்சுக்கொண்டிருக்கிறா. கமரா அவவை விட்டு இசைத்தட்டுப் பக்கம் திரும்பும், வெடிச்சத்தம் மட்டும் கேக்கும்.

நந்திக்கடல்:
பரிந்துரைகள் 1950, 51, 52, 53, 59, 62 படங்களுக்கு. 1950இல ‘ஆல் அபௌட் ஈவ்’ படத்திலயிருந்தே செலஸ்ட் ஹோமும் அதே பிரிவில நிண்டா. வாக்குப் பிரிஞ்சிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்; ஜோசபின் ஹல் கொண்டுபோனா. 1953இல டொனா ரீட். மற்றது, வேலைக்காரி, தாதி, கிழவி வேஷங்களை இவ்வளவு இயல்பாய்ச் செய்தால் அதை நடிப்பெண்டு ஆர் எண்ணுறது? ‘த மேட்டிங் சீசன்’ படத்தில மகன்ர வீட்டிலயே சமையல்காரியாய் நிக்கிற தாய். படத்தைத் தாங்கிறது அவதான், பெயர் போட்டது நாலாவதாய். மேடை ஏமாத்தேல்லை: ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசைநாடகத்துக்கு 1958இல அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது, அதில நடிச்ச க்வென் வெர்டனோட பகிர்ந்து.

தொடக்கத்துக்கு ‘மிராக்கிள் ஒன் 34த் ஸ்ட்ரீட்’ (1947) துண்டு ஒண்டு காட்டலாம். நாற்பது தாண்டி வந்த முதல் படம், பெயரே போடேல்லை. மகனுக்கு விளையாட்டுத் தீயணைப்பு வண்டி தேடுற தாய்.

ஓமந்தை:
சப்டைட்டிலை முதலே பாருங்கோ. புரூக்ளின் பேச்சு, வேகம் கூட. எழுத்துப் பிந்தினால் பகிடி செத்துப்போம். உங்கட ‘பிக்கப்’ பிரதி 77 நிமிடத்துக்குக் கிட்ட ஓடினால் அது செக்கனுக்கு 25 பிரேம். இணையத்தில எடுக்கிற சப்டைட்டில் கோப்பு அநேகமாய் 23.976க்குச் செய்தது. தொடக்கத்தில பொருந்தும், போகப்போக விலகி மோ சாகேக்க 2 நிமிடம் பிந்தி நிக்கும். படம் ஓட்டுற வீஎல்சி மென்பொருளில ஜி, எச் விசைகள் 50 மில்லிசெக்கனாய் முழுக்கோப்பையும் முன்பின் தள்ளும், அவ்வளவுதான், விலகல் நிக்காது. ‘சப்டைட்டில் எடிட்’ எண்ட மென்பொருளில பிரேம் வீதத்தை 23.976இலயிருந்து 25க்கு மாத்திச் சேமியுங்கோ. பிறகு நடுவிலயும் கடைசியிலயும் ஒவ்வொரு வசனம் ஓட்டிப் பாத்தால் காணும்.