நாய் ஆமை முட்டையைத் தோண்டித் தின்கிறது, என்ன செய்வது?

தென்கடல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவில் தென்கடல் பக்கம் எங்கள் வீடு, வாசலில் இருந்து தண்ணீர் இருநூறு அடிகூட இருக்காது. மூன்று வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது, பெயர் மணி. கட்டிப் போட்டு வளர்த்ததே இல்லை. ராத்திரி முழுக்கக் கரையில் சுற்றிவிட்டு விடியும்போது வந்து வாசலில் படுத்துக்கொள்ளும்.

நாலு நாளாக மூக்கு, முன்னங்கால் எல்லாம் ஈர மணலோடு வருகிறது. வைத்த மீன் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். நேற்று அம்மா வாசல் பெருக்கும்போது விளக்குமாற்றில் ஒரு ஓடு மாட்டியது. வெள்ளையாக, பிங்பாங் பந்து அளவு, அழுத்தினால் உடையாமல் தோல் மாதிரி உள்ளே போகிறது. அப்பா பார்த்ததும் "பங்குனி ஆமை முட்டைடா" என்றார்.

மணியின் கால் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். அடப்பங்கொடி படர்ந்திருக்கும் மேட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு குழி, சுற்றிலும் ஓடு, மஞ்சள் கரு காய்ந்து எறும்பு மொய்க்கிறது. ஆனால் அடியில் உடையாத முட்டைகள் நிறையத் தெரிந்தன. மணலை அள்ளி மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மிச்ச முட்டை பொரிக்குமா? வீட்டில் வயிறு நிறையச் சாப்பிடுகிற நாய் ஏன் இதைச் செய்கிறது? பக்கத்து வீட்டு மாமா மிளகாய்ப் பொடி தூவச் சொல்கிறார், இன்னொருவர் நாயையே எங்காவது கொண்டு போய் விடச் சொல்கிறார். வனத்துறையிடம் சொன்னால் எங்கள் மேல் கேஸ் வருமோ என்று அம்மாவுக்கு வேறு பயம்.

கரைவலை:
தம்பி, முதலில் அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். 1972 வனவிலங்குச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது, யானை, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. முட்டையை மனுஷன் எடுத்தால், விற்றால், தின்றால்தான் வில்லங்கம். நாய் தோண்டிவிட்டது, வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறவனை யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

நாயைக் கொண்டு போய் விடச் சொன்னவரிடம் ஒன்று கேள். ஏலம் முடிந்ததும் கழிவு மீனைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகிறோமே, அந்தக் கரையில் மூக்கை வைத்துத் தோண்டித் தின்ன நாய்க்குப் பழக்கிக் கொடுத்தது யார்? நாங்கள்தான். அதற்கு மீன் எது, முட்டை எது, எல்லாம் ஒன்றுதான். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் ஆமைக்கறி இந்தக் கரையில் சாதாரணமாகப் புழங்கியது, இப்போது நாயைக் குற்றம் சொல்ல வந்துவிட்டோம்.

குழியைக் கையால் கிளறாதே. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

மணல்நடை:
கல்லூரி நாட்களில் இரண்டு சீசன் ராத்திரியில் ஆமைத் தடம் தேடி நடந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கரையில் பங்குனி ஆமை பெரும்பாலும் ஜனவரியில் இருந்து மார்ச் வரை முட்டையிட ஏறும். நாற்பது ஐம்பது கிலோ உடம்பை இழுத்துக்கொண்டு அலை எட்டாத இடம் வரை வந்து, பின் துடுப்பால் மாற்றி மாற்றி மணலை அள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்குப் பானை மாதிரி ஒரு குழி எடுக்கும். நூறு, நூற்றிருபது முட்டை போட்டுவிட்டு மூடும். மூடுகிற விதம்தான் அழகு. உடம்பை இந்தப் பக்கம் தூக்கி ஒரு தட்டு, அந்தப் பக்கம் தூக்கி ஒரு தட்டு, திம்மிசு போட்டுத் தரை இறுக்குகிற மாதிரி. பக்கத்தில் படுத்திருந்தால் அந்த அதிர்வு நெஞ்சில் தெரியும். அப்புறம் நாலு பக்கமும் மணலை வாரி இறைத்து இடத்தைக் கலைத்துவிட்டுப் போகும்.

கண்ணை ஏமாற்ற அது போதும், மூக்கை ஏமாற்ற முடியாது. முட்டையோடு வழவழப்பான திரவமும் சேர்ந்து வரும், அந்த வாடை முதல் சில நாட்களுக்கு மணலில் நிற்கும். மணி பிடித்தது அதைத்தான். நாள் ஆக ஆக வாடை அடங்கிவிடும், பிறகு குஞ்சு ஓட்டை உடைக்கிற சமயத்தில் மறுபடி கிளம்பும். ஆகவே ஆபத்து இரண்டு தடவை, போட்ட முதல் வாரம் ஒன்று, பொரிக்கிற வாரம் ஒன்று. நரி, உடும்பு, நண்டு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் நரி எப்போதோ வரும், ஊர் நாய் தினமும் வரும். போதாக்குறைக்கு ஒரு நாய் கண்டுபிடித்த குழிக்கு மறுநாள் அதன் கூட்டாளிகளும் வந்து நிற்கும்.

வயிறு நிறைந்த நாய் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தோண்டுவதும் தேடுவதும் அதற்கு விளையாட்டு, பசி இரண்டாம் பட்சம். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் தானாக விடாது.

மிச்ச முட்டை பொரிக்க வாய்ப்பு நிச்சயம் உண்டு, ஒரே நிபந்தனை, புரட்டக் கூடாது. கோழி முட்டையை அடை வைத்துத் திருப்பி விடுகிறோமே, அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். போட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் உருட்டினால் கரு அறுந்து செத்துவிடும். அதனால்தான் வனத்துறை ஆட்கள் விடியும் முன்பே நடந்து முட்டைகளை எடுத்துத் தனுஷ்கோடிப் பக்கம் இருக்கிற பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். உங்களுடையது நாலு நாளாகிவிட்டது, அவர்கள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ராம்நாட்டுக்காரன்:
மிளகாய்ப் பொடி எங்கள் ஊரில் வேலை செய்திருக்கிறது. தூவிய இடத்துக்கு நாய் ஒரு வாரம் வரவில்லை. இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பெரிய விளக்கம் என்று தெரியவில்லை.

மணல்நடை:
ஒரு வாரம் கழித்து? கடற்காற்றில் பொடி எத்தனை நாள் நிற்கும்? வாடை அடங்குகிற ஒரு வாரமும் உங்கள் பொடி தூவிய ஒரு வாரமும் ஒன்றாகப் போயிருக்கும், பெயர் மிளகாய்க்குக் கிடைத்திருக்கிறது. பூசணிக் கொடியில் ஆடு வாய் வைக்காமல் இருக்கத் தூவுங்கள், சரி. ஆமைக் குழியில் வேண்டாம்.

செலவில்லாத வழி, உடைந்த ஓட்டையும் கரு ஊறிய மேல் மணலையும் வாரித் தூரத்தில் புதைப்பது, அப்புறம் நாயை ராத்திரியில் கட்டுவது. பொரிக்க நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாள் ஆகும், மணல் சூடாக இருந்தால் சீக்கிரம். சூடு கூடினால் பொரிப்பதில் பெண் குஞ்சு அதிகமாக இருக்கும், குறைந்தால் ஆண் அதிகம். ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது மணல்தான்.

கரைவலை:
சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி. இதோடு ஒன்று, வலையில் மாட்டி அசையாமல் கிடக்கிற ஆமையைச் செத்தது என்று கடலில் வீசிவிடுகிறார்கள் நம் பையன்கள். அதுவும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற ஜீவன், தண்ணீர் குடித்து மயங்கியிருக்கும். வயிறு கீழே இருக்கும்படி படுக்கவைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரம் தூக்கி, ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைக்க வேண்டும். எங்கள் வள்ளத்தில் ஒன்று மத்தியானம் ஏற்றியது, பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் தலையைத் தூக்கிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது.

தென்கடல்வாசி:
எல்லோருக்கும் நன்றி, அண்ணனுக்கும் அக்காவுக்கும் தனியாக. நேற்று மதியமே சொல்லிவிட்டேன், சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். இடம் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடைந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து, குஞ்சு நுழைந்து வெளியே வருகிற அளவு கண் உள்ள கம்பி வலையை மேலே விரித்து நாலு பக்கமும் ஆழமாக அடித்துவிட்டுப் போனார்கள். முழு முட்டையை எண்ணவில்லை, எண்ணினால் உருட்ட வேண்டிவரும் என்றார்கள். எங்கள் மேல் கோபப்படவும் இல்லை, அம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொன்னார்கள். பொரிக்கிற ராத்திரி குஞ்சுகள் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடுமாம், கடல்தான் வெளிச்சம் என்று அவற்றின் நினைப்பு. எங்கள் வாசலில் பெரிய எல்.இ.டி விளக்கு ஒன்று கடலைப் பார்த்தே எரிகிறது. சித்திரை வரைக்கும் அதை அணைத்து வைக்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ராத்திரி பாத்ரூம் போக டார்ச் தேடும்போது மட்டும் ஆமையைத் திட்டுகிறார்.

மணியைத் தென்னை மரத்தில் கட்டியிருக்கிறோம். முதல் ராத்திரி ஊளையிட்டுத் தெருவையே எழுப்பிவிட்டது. இன்றைக்கு ஊளை இல்லை, ஆனால் கயிறு முழுக்க இறுகும் வரை இழுத்துக்கொண்டு போய், மூக்கைத் தெற்கே நீட்டி உட்கார்ந்திருக்கிறது. சோறு வைத்தால் அப்படியே திரும்பாமல் வாலை மட்டும் ஆட்டுகிறது.