டாம்கேட் 10-க்கு மாற்றும்போது ஜாவாக்ஸ், ஜகார்த்தா பேக்கேஜ் பெயர்களால் வரும் பிழைகள்

கேள்வி:
நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் திறமூல ஜாவா செயலியை, ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் சர்வரான டாம்கேட்டின் 9-ஆம் பதிப்பிலிருந்து 10-க்கு மாற்றி வருகிறோம். ஜாவாக்ஸ் என்று தொடங்கும் இம்போர்ட் வரிகள் (பேக்கேஜ் எனப்படும் நிரல் தொகுப்புகளை அழைப்பவை) அனைத்தையும் ஜகார்த்தா என்று மாற்றிய திருத்தம் ஒன்று எங்களுக்கு வந்துள்ளது. அதைச் சேர்த்ததும் சர்வ்லெட் (வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா பகுதி) பிழைகள் மறைந்தன, ஆனால் ‘ஜகார்த்தா.எஸ்கியூஎல் பேக்கேஜ் இல்லை’ என்று கம்பைலர் நிற்கிறது. அந்த வரிகளை மட்டும் பழையபடி வைத்தால் பில்டு முடிகிறது. பிறகு சர்வர் தொடங்கும்போது ‘ஜாவாக்ஸ்.சர்வ்லெட்.ஃபில்டர்’ கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது. எங்கள் நிரலில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லாதபோது எங்கே தேடுவது?

முதல் பதில்:
ஆரக்கிள் நிறுவனம் ஜாவா இஇ-யை (நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா தொகுதி) எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது ஜாவாக்ஸ் என்ற பெயரைத் தொடர்ந்து வளர்க்கும் உரிமை உடன் வரவில்லை. ஆகவே ஜகார்த்தா இஇ என்று பெயர் மாறிய அதன் 2020 டிசம்பர் வெளியீடான 9-இல் அந்தத் தொகுதியின் பேக்கேஜ்கள் மட்டுமே பெயர் மாறின. ஜேடிகே-யுடன் (ஜாவாவின் அடிப்படை உருவாக்கத் தொகுப்பு) வரும் ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ ஆகியவை அப்படியே உள்ளன. கவனமாக இருக்க வேண்டிய இடம் ஜாவாக்ஸ்.டிரான்ஸாக்‌ஷன்: அது ஜகார்த்தாவுக்குப் போய்விட்டது, ஆனால் அதன் கீழுள்ள எக்ஸ்ஏ பேக்கேஜ் ஜேடிகே-யிலேயே இருக்கிறது. இதனால்தான் ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றும் திருத்தங்களை ஏற்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன்.

இரண்டாவது பதில்:
இரண்டாவது பிழை நீங்கள் பயன்படுத்தும் ஏதோ ஒரு நூலகத்தின் ஜார் கோப்பிலிருந்து (கம்பைல் செய்த நிரலின் தொகுப்பு) வருகிறது. பில்டு கருவியான மேவனில், சார்ந்திருக்கும் நூலகங்களைப் பட்டியலிடும் ‘டிபென்டென்சி:ட்ரீ’ கட்டளையை ஓட்டி, சர்வ்லெட்டைச் சார்ந்த நூலகங்களின் பதிப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆர்ட்டிஃபேக்ட் (மேவன் தரவிறக்கும் நூலகக் கோப்பு) பெயரை மட்டும் நம்ப வேண்டாம்: ‘ஜகார்த்தா.சர்வ்லெட்-ஏபிஐ’ 4.0.4 பதிப்பைத் திறந்தால் உள்ளே இருப்பவை ஜாவாக்ஸ் பேக்கேஜ்களே, 5.0.0 முதல்தான் உள்ளடக்கமும் ஜகார்த்தா ஆகிறது. பழைய ‘ஜாவாக்ஸ்.சர்வ்லெட்-ஏபிஐ’யும் புதியதும் மேவனுக்கு வெவ்வேறு ஆர்ட்டிஃபேக்ட்டுகள் என்பதால், இரண்டும் ஒரே பில்டில் சேர்ந்தாலும் அது முரணாகக் கருதுவதில்லை. பில்டு விதிகளைச் சரிபார்க்கும் மேவனின் என்ஃபோர்சர் பிளகினில் பழையதைத் தடைசெய்துவிட்டால், அதை மீண்டும் இழுத்துவரும் திருத்தம் பில்டு நிலையிலேயே நின்றுவிடும்.

கேட்டவர்:
நன்றி. பழைய சர்வ்லெட்டை எதிர்பார்க்கும் ஒரு கோப்புப் பதிவேற்ற நூலகம் அகப்பட்டது. அதற்குப் புதிய வெளியீடு இல்லை.

மூன்றாவது பதில்:
எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கருவி ஜார் கோப்பின் பைட்கோடிலேயே (கம்பைல் ஆன நிரலிலேயே) பெயர்களை மாற்றித் தரும். டாம்கேட் திட்டத்திடமும் இதற்கென ஒரு கருவி உண்டு. மாற்றிய கோப்பை அதே பெயரிலும் பதிப்பெண்ணிலும் வெளியிடாமல், உங்கள் குரூப் ஐடியின் (மேவனில் வெளியிடுபவரைக் குறிக்கும் பெயர்) கீழ் தனிப் பதிப்பாக வையுங்கள்; இல்லையேல் மூல வெளியீடு எது, நீங்கள் மாற்றியது எது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது. உரிமத்தின் நிபந்தனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு, அந்த நூலகத்தின் மூல நிரலில் இதே மாற்றத்தைச் செய்து அதன் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் ஏற்று வெளியிட்டதும் உங்கள் நகலை நீக்கிவிடலாம்.