சனிக்கிழமை பைக்காரா அருவி

*அக்கா:* சனிக்கிழமை ஊட்டி போய்ச் சேர்ந்ததும் நேராகப் பைக்காரா அருவிதான். பிள்ளைகள் குளிக்க மாற்றுத் துணி எடுத்துவிடட்டுமா?

*பெரியப்பா:* வேண்டாம்மா, அங்கே குளிக்க விடமாட்டார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் முடியும்.

*சித்தி:* குளிக்கக்கூட முடியாத அருவிக்கு எதற்கு மாமா அவ்வளவு தூரம்?

*பெரியப்பா:* தூரம் என்னம்மா, கூடலூர் சாலையில் 20 கிலோமீட்டர் சொச்சம். குற்றாலம் போலத் தலையில் கொட்டுகிற அருவி இல்லை இது. முக்குருத்தி மலையில் பிறந்த ஆறு, பாறை பாறையாகத் தாவி இறங்கும். கடைசி இரண்டுதான் பெரியவை: ஒன்று 55 மீட்டர், இன்னொன்று 61 மீட்டர். கறுத்த பாறையில் மோதி வெள்ளை நுரையாகப் பிரியும். ஓரத்துப் புல் நுனியெல்லாம் சாரலில் ஆடிக்கொண்டே இருக்கும். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்குப் புனிதமான ஆறு. ஒரு அரை மணி நேரம் பேசாமல் நின்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான் போக வேண்டும்.

*தம்பி:* என் நண்பர்கள் ஏப்ரலில் போய், வெறும் பாறையைத்தான் பார்த்தோம் என்றார்களே பெரியப்பா?

*பெரியப்பா:* கோடையில் அப்படித்தான்டா. மேலே அணை இருக்கிறது. 1932-லேயே இந்த ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் போக மிச்சம்தான் அருவிக்கு. இப்போது தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்திருக்கிறது, நல்ல நேரம்.

*தம்பி:* அப்போ கம்பியைத் தாண்டி ஒரே ஒரு போட்டோ 😀

*பெரியப்பா:* கூடவே கூடாது. பாசி பிடித்த பாறை, கால் நிற்காது. மேலே மழை பெய்தாலோ அணையைத் திறந்தாலோ, நீ நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். பிள்ளைகள் கையை யாரும் விடாதீர்கள்.

*அக்கா:* சரி பெரியப்பா. ஊட்டிக்கு வண்டி போக வேண்டிய இ-பாஸ் அனுமதியை நான் இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.

*சித்தி:* அது இன்னும் இருக்கிறதா?

*அக்கா:* 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயம் சித்தி. அப்புறம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் நீலகிரியில் கூடாது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில்.

*சித்தி:* பாட்டியால் நடக்க முடியுமா?

*பெரியப்பா:* வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். அம்மாவை நான் மெதுவாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள். பைக்காரா ஏரிப் படகுத்துறையில் சனிக்கிழமை கூட்டம் அள்ளும், அதனால் முதலில் அருவி, அப்புறம் படகு.

*அக்கா:* ஸ்வெட்டர், குடை எல்லோருக்கும். வண்டி எண்ணை யாராவது உடனே அனுப்புங்கள், பாஸில் போட வேண்டும்.

*தம்பி:* ஆர்சி படமே அனுப்பிவிட்டேன் அக்கா 👍